மைக்கக்காவின் சிலேட்டு

அந்தப் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தவர்களைவிட அவளைக் கேட்டவர்கள்தான் அதிகம். பதினாறு நடைமேடை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய் ஒலிபெருக்கி, அத்தனையிலும் ஒரே குரல். இருபத்து மூன்று வருடம். 'துறைமுகம் வழியாகச் செல்லும் பேருந்து நான்காம் நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது' என்று அவள் சொன்னால், ஏழாம் நடைமேடையில் தூங்கிக்கொண்டிருப்பவனும் எழுந்து நான்காம் நடைமேடைக்கு ஓடுவான். பாதி தூரம் போன பிறகுதான் தனக்குத் துறைமுகத்தில் ஒரு வேலையும் இல்லை என்று அவனுக்கு நினைவு வரும். அப்படிப்பட்ட குரல். எல்லோரும் அவளை மைக்கக்கா என்றார்கள், அவளைவிட வயதில் மூத்த கண்டக்டர்கள் உட்பட.

குரல் நன்றாக இருந்தது. வாய்தான் நன்றாக இல்லை.

அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மைக்கை அணைக்க அவளால் முடியாது. "ஒன்பதாம் நடைமேடையில் தூணிடம் வழி கேட்டுக்கொண்டிருக்கும் நீலச் சட்டைக்காரர் கவனத்திற்கு. அந்தத் தூண் இந்த ஊருக்குப் புதிது, அதற்கு வழி தெரியாது" என்பாள். குடித்துவிட்டு வந்தவரைப் பற்றி டீக்கடைக்காரர் வந்து சொல்லியிருப்பார், அதுவே அவளுக்குப் போதும். நிலையம் மொத்தமும் சிரிக்கும். யாரைச் சொன்னாளோ அவர் மட்டும் சிரிக்க மாட்டார். அவருடைய முகம் எப்படிப் போயிற்று என்று பார்ப்பதற்கு அவள் அறையில் ஜன்னல் கிடையாது. அதனால் இருபத்து மூன்று வருடமும் அவளுக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

டைம் கீப்பருக்கும் அப்படித்தான் பெயர் வைத்தாள். வண்டி வந்த நேரத்தையும் புறப்படும் நேரத்தையும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனாவும் ஒரு கண்ணாடிக் கூடும் இருக்கும். அதிர்ந்து பேச மாட்டார். ஒருநாள் அவர் கைக்கடிகாரம் நின்றுபோனது அவருக்கே தெரியவில்லை. அவர் கையெழுத்துக்காக மூன்று வண்டிகள் பத்து நிமிடம் உறுமிக்கொண்டு நின்றன. மைக்கக்கா பொத்தானை அழுத்தினாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நமது டைம் கீப்பர் தம்முடைய கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறார். கொடுத்து முடித்ததும் பூமி மறுபடி சுற்றத் தொடங்கும்."

அன்றோடு அவருக்குக் கடிகாரம் என்று பெயராகிவிட்டது. டிரைவர்கள் கூப்பிட்டார்கள், டீக்கடையில் கூப்பிட்டார்கள். அவர் மனைவி காய்கறி வாங்கப் போனால் 'கடிகாரம் வீட்டம்மா வந்திருக்காங்க' என்று தராசுக்காரி சிரித்தாள். அடுத்த வருடம் ஒரு காலையில் அந்த அம்மா ஒரே ஒரு பையோடு பதினோராம் நடைமேடையில் ஆறு ஐம்பது வண்டி ஏறிப் போனவள், திரும்பி வரவில்லை. அந்த வண்டியின் புறப்பாட்டு நேரத்தை எழுதியவர் அவரேதான். கூட்டத்தில் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வண்டியை அறிவித்தது மைக்கக்கா.

பிறகு காலம் போயிற்று. துறைத் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதி டைம் கீப்பர் கிளை மேலாளர் ஆனார். மைக்கக்காவுக்குத் தொண்டை கரகரத்தது. நாலு மாதம் வெந்நீர் குடித்துப் பார்த்தாள், பேச்சில் ஈரம் போய்க்கொண்டே இருந்தது. தொண்டையில் புற்று, குரல்வளையை முழுசாக எடுத்தால்தான் ஆள் பிழைப்பாள் என்றார் டாக்டர்.

அறுவைக்கு முந்தின வாரம் மேலாளர் ஒலிப்பதிவு செய்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு அவள் அறைக்கு வந்தார்.

"உங்க குரல் நிலையத்துல இருக்கணும் மேடம்," என்றார். "நீங்க திரும்பி வந்ததும் விசாரணை கவுண்டர் உங்களுக்கு. கையெழுத்துப் போட்டுத் தரேன்."

இரண்டு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியம் சொன்னாள். ஊர்கள் தனியாக, எண்கள் தனியாக, காலை மாலை தனியாக. கம்ப்யூட்டர் வேண்டியதை எடுத்துக் கோத்துக்கொள்ளும் என்றார்கள். கடைசியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்று: 'விசாரணைப் பிரிவு தற்போது மூடப்பட்டுள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.' மேலாளர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இன்னொரு தடவ சொல்லிடுங்க மேடம். வருந்துறோம்ங்கறதுல இன்னும் கொஞ்சம் வருத்தம் இருக்கலாம்."

இன்னொரு தடவை சொன்னாள். நாக்கின் அடியில் ரத்தம் கரித்தது. அதுதான் அவள் மைக்கில் சொன்ன கடைசி வாக்கியம்.

அறுவை முடிந்து அவள் எழுந்து உட்கார்ந்தபோது கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை இருந்தது. அதன்மேல் ஒரு பருத்தித் துணி. வாயைத் திறந்தால் காற்றுகூட வராது. வலது தோளுக்குப் போகும் நரம்பும் கத்தியில் மாட்டிக்கொண்டதால், பேனா பிடித்து நாலு வரி எழுதினால் தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. சரி, போன் இருக்கிறதே என்றாள் தங்கை. வேலைக்குத் திரும்பியதும் போனில் தட்டி எழுதிக் கவுண்டரின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் பிடித்தாள் மைக்கக்கா. விசாரணை கவுண்டர் மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்குப் பிறகு வெயில் நேராக வந்து கண்ணாடியில் உட்காரும். "என்னம்மா, என் மூஞ்சியவே எனக்குக் காட்டறீங்க" என்றார் ஒரு பயணி. அவர் சொன்னது உண்மைதான். போனில் அவர் முகத்தைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

தங்கை வீட்டுக்காரனுக்குப் போன் பழுது பார்க்கும் கடை. அவன் ஒருநாள் மேசை இழுப்பறையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துப் போட்டான். ஒரு மூலையில் கீறல் விழுந்திருந்தது.

"அக்கா, இது இ-ரீடர். புத்தகம் படிக்கறதுக்குன்னே செஞ்சது. அதுலயும் இது மட்டமான மாடல். யாரோ குடுத்துட்டுப் போனவன் வரவே இல்ல. இதுல பளபளப்பு கிடையாது, வெயில்ல வெச்சாலும் பேப்பர் மாதிரி தெரியும். ஒரு தடவ சார்ஜ் போட்டா வாரக்கணக்குல ஓடும்."

அவள் விரலால் தட்டி எழுதுவதுபோல் காற்றில் காட்டினாள்.

"அதுதான் முடியாது. புத்தகத்தைத் தவிர வேற எதையும் திறக்க விடாம கம்பெனிக்காரன் உள்ள பூட்டு போட்டு வெச்சிருக்கான். பூட்டுன்னு இருந்தா உடைக்கறதுக்கு உங்க தங்கச்சி புருஷன் இருக்கான்ல."

மூன்று நாள் உட்கார்ந்து உடைத்தான். புத்தகம் காட்டுகிற கருவியை டேப்லெட் போல வேலை செய்ய வைத்தான். தமிழ் விசைப்பலகை போட்டான். டெப்போவின் வண்டி அட்டவணையை ஏற்றினான். அடிக்கடி சொல்ல வேண்டிய அறுபது பதில்களைப் பொத்தான்களாக வைத்தான். எழுத்து கட்டைவிரல் அகலத்துக்கு வந்தது. எல்லாம் முடிந்ததும் தங்கை எட்டிப் பார்த்து, "சீரியல் ஓடுமா?" என்று கேட்டாள். ஓட்டிக் காட்டினான். கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக என்னவோ அசைந்தது.

"அழறாளா, சிரிக்கிறாளா?"

"ரெண்டுக்கும் இதுல ஒரே படம்தான்," என்றான் அவன்.

மைக்கக்கா தோள் குலுங்கச் சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு. தங்கைக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நிலையத்தில் அதற்குச் சிலேட்டு என்று பெயர் வந்தது. மைக்கக்காவின் சிலேட்டு. பெயர் வைக்கிற ஆளுக்கே பெயர் வைத்ததில் டிரைவர்களுக்குக் கொஞ்சம் சந்தோஷம். கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவளுக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக் கத்தினார்கள். மீதிப் பேர் கத்தாமல் சைகை காட்டினார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டி, இரண்டு கையையும் அலைபோல ஆட்டினால் துறைமுகம் வண்டி என்று அர்த்தம். அவள் பொத்தானைத் தட்டிச் சிலேட்டைத் திருப்புவாள். திரை ஒரு தடவை முழுக்கக் கறுக்கும், ஒரு தடவை முழுக்க வெளுக்கும், பிறகுதான் எழுத்து வரும். வருவதற்குள் சிலர் போய்விடுவார்கள். போகும்போது தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் அவளே அவர்களுக்குப் பதில் சொல்வாள்.

"பாரு, மேல பேசற அம்மா டக்குடக்குனு சொல்றாங்க," என்றாள் ஒருத்தி தன் புருஷனிடம். "அவங்கள இங்க உக்கார வைக்காம இத உக்கார வெச்சிருக்காங்க."

மைக்கக்கா அதற்கு ஒரு பதில் தட்டினாள். நல்ல பதில். திரை கறுத்து வெளுத்து முடிவதற்குள் அந்தப் பெண் வண்டி ஏறியிருந்தாள்.

படிக்க ஒரே ஒரு ஆள் இருந்தார். பக்கத்துக் கவுண்டர் லக்கேஜ்காரர். நடுவில் இடுப்புயரப் பலகைத் தடுப்பு. அதன்மேல் சிலேட்டை நிமிர்த்தி வைத்தால் அவர் தொப்பை குலுங்கும். சிரிப்பதில் முதல் ஆள். சாட்சி வேண்டுமென்றால் அப்போது ஆள் இருக்க மாட்டார். அது அவளுக்கும் தெரியும். ஆனால் காலையிலிருந்து மாலைவரை பொத்தானில் இருக்கிற அறுபது பதில்களையே காட்டிக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கிற ஆள் செத்துப் போவாள் இல்லையா. அவர் சிரிக்கிற அரை நிமிடத்துக்காக மைக்கக்கா நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மாதம் முடிந்தபோது மேலாளர் வந்தார். போனில் ஸ்டாப் வாட்ச்சைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தூணோரமாக நின்றார். பிறகு நோட்டில் என்னவோ கூட்டிக் கழித்துவிட்டு கண்ணாடிக்கு அருகில் வந்தார்.

"ஒரு பதிலுக்குப் பதினாலு நொடி ஆகுது மேடம். பேசத் தெரிஞ்ச ஆளுக்கு நாலு நொடி. மேலிடத்துல கேக்கறாங்க, விசாரணையில ஊமையா உக்காந்திருந்தா எப்படின்னு. ஊமைன்னு அவங்கதான் சொன்னாங்க, நான் சொல்லல."

அவள் தலையசைத்தாள்.

"நான்தான் உங்களுக்காகப் பேசி மூணு மாசம் வாங்கினேன். பத்து நொடிக்குள்ள கொண்டாங்க. இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில வரேன். பத்துப் பயணி. சராசரி பார்ப்பேன். வந்தா இந்த நாற்காலி உங்களுக்கே. இல்லேன்னா தொலைஞ்ச பொருள் அறை இருக்கு. அங்க அவசரமே கிடையாது."

தொலைந்த பொருள் அறை பதினாறாம் நடைமேடைக்குப் பின்னால், கழிப்பறைச் சுவரை ஒட்டி இருந்தது. சம்பளம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் அங்கே ஒரு நாளைக்கு மூன்று பேர் வந்தால் அதிகம். வந்தவரும் குடையைக் காட்டிக் குடையை வாங்கிக்கொண்டு போவார். மைக்கக்காவுக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு பேர் வேண்டும். கத்தினாலும் சரி, அலைபோலக் கையை ஆட்டினாலும் சரி, எதிரே ஆள் வேண்டும். இந்த நாற்காலி போனால் அவளிடம் யாரும் எதையும் கேட்கப் போவதில்லை.

அன்று மாலை நேராகக் கடைக்குப் போய் மாப்பிள்ளையின் முன்னால் சிலேட்டை வைத்தாள். 'வேகம்' என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தாள்.

"இது பந்தயக் குதிரை இல்லக்கா. கழுதை. அதுக்குச் சேணம் கட்டியிருக்கேன், அவ்வளவுதான்."

அவள் அந்த வார்த்தையை இன்னும் பெரிதாக்கிக் காட்டினாள்.

அவன் பெருமூச்சு விட்டான். "ஒண்ணு பண்ணலாம். ஒவ்வொரு தடவையும் திரை கறுத்து வெளுக்குது இல்ல, அது பழைய எழுத்தக் கழுவறது. அதுக்குத்தான் ரெண்டு நொடி போகுது. அந்தக் கழுவறத நிறுத்திட்டா எழுத்து டக்குனு வரும். ஆனா பழசு முழுசாப் போகாது, பின்னால நிழல் மாதிரி நிக்கும். பெரிய எழுத்தா ரொம்ப நேரம் வெச்சிருந்தா நல்லாவே நிக்கும். அதனால அப்பப்ப மேல் மூலைய அழுத்தி நீங்களே ஒரு தடவ கழுவிடணும். மறக்கக் கூடாது."

'நான் மறக்கற ஆளா' என்று எழுதினாள். எழுத்து விழுந்த வேகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. 'வேகம்' என்ற சொல் அதன் பின்னால் மங்கலாக நின்றுகொண்டிருந்தது. அவன் சொன்னபடி மூலையை அழுத்தினாள். கறுத்தது, வெளுத்தது, சுத்தமானது.

மூன்று வாரம் வீட்டில் தங்கையைப் பயணியாக நிற்கவைத்துப் பழகினாள். பன்னிரண்டு நொடி, பதினொன்று, பத்தரை. "எனக்குத் துறைமுகம் போற பஸ்ஸு கனவுலயும் வருதுக்கா" என்றாள் தங்கை. கடைசி வியாழக்கிழமை ஒன்பதரைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு ஐந்து பதிலுக்கும் ஒரு தடவை கழுவினால் சராசரி பத்தைத் தொட்டது. கழுவாவிட்டால் ஒன்பதரை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி. மேலாளரைக் காணோம். லக்கேஜ்காரர் தடுப்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பல் குத்தினார்.

"இன்னிக்குத்தான் பரீட்சையா? நம்ம கடிகாரம் ஸ்டாப் வாட்ச்சும் கையுமா வருமே. பாவம்க்கா அந்த ஆளு. பொண்டாட்டி போனதுலேருந்து வாட்ச்சோடதான் குடும்பம் நடத்துது."

அவர் தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். மைக்கக்காவின் கட்டைவிரல் துறுதுறுத்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. பயமாக இருக்கிறபோது ஒரு நல்ல வாக்கியம் சொல்லிவிட்டால் பயம் கொஞ்சம் இறங்கும், இருபத்து மூன்று வருடப் பழக்கம் அது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டு, கீழ்ப் பாதி நிறைய, ஆறு வரியில் அடித்தாள்.

'பொண்டாட்டி ஓடின பஸ்ஸுக்கே டைம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வழியனுப்பின ஒரே புருஷன்.'

தடுப்பின்மேல் நிமிர்த்தி வைத்தாள். லக்கேஜ்காரர் படித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. "இருங்க, அழிச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போன கண்டக்டர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். கண்டக்டர் சிரித்துவிட்டு டிரைவரைக் கூட்டி வந்தார். டிரைவர் இரண்டு தடவை படித்தார். கால் மணி நேரம் அந்த வாக்கியம் தடுப்பின்மேல் நின்றது. மைக்கக்காவுக்கு மறுபடி மைக் கிடைத்தது போல இருந்தது.

"வராரு," என்றார் லக்கேஜ்காரர். ஒரு நொடியில் அவர் முகம் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுகிற முகமாக மாறியது.

மைக்கக்கா சிலேட்டைப் பிடுங்கி எழுத்தை அழித்தாள். மேலாளர் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று தலையசைத்தார். முதல் பயணி குனிந்துவிட்டார். ஸ்டாப் வாட்ச் ஓடத் தொடங்கிவிட்டது.

துறைமுகம் வண்டி. நான்காம் நடைமேடை. எட்டு நொடி. மலைப்பாதைக்குக் கடைசி வண்டி. ஒன்பது. பெரியாஸ்பத்திரி வழியாகப் போவது எது. ஒன்பது. பதில்கள் எல்லாம் சுருக்கம். மேலே இரண்டு வரியோடு முடிந்துவிடும். திரையின் கீழ்ப் பாதியை ஒரு எழுத்தும் தொடவில்லை. சிலேட்டு பயணியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் பயணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவதாக வந்த வயதான மனிதர் திரையை உற்றுப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார். அவளும் சிரித்தாள். நன்றாகப் போகிறது என்று நினைத்தாள்.

ஐந்தாவது பதில் முடிந்தது. கழுவ வேண்டும் என்று நினைவு வந்தது. அவள் மறக்கவில்லை. மேல் மூலைக்கு விரல் போனது. ஓரக்கண்ணில் மேலாளரின் கட்டைவிரல் போன்மேல் தயாராக இருந்தது. இரண்டு நொடி. விரலை இழுத்துக்கொண்டு ஆறாவது பயணியைப் பார்த்தாள்.

பத்துப் பேரும் முடிந்தார்கள். மேலாளர் கூட்டினார், வகுத்தார், நோட்டை மூடாமல் வரிசையில் அவரே வந்து நின்றார்.

"பதினோராவது பயணி நான். இந்த மூணு மாசத்துல உங்க மேல ஏதாவது புகார் வந்திருக்கா மேடம்?"

'ஒரு புகாரும் இல்லை ஐயா. நன்றி.' மேலே இரண்டு வரி. கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள். எட்டு நொடிகூட ஆகவில்லை.

அவர் குனிந்தார். மேலே படித்தார். அவர் கண் அதோடு நிற்காமல் கீழே இறங்கியது, இடமிருந்து வலமாக, மறுபடி இடமிருந்து வலமாக. இரண்டு வரிக்கு இவ்வளவு நேரம் ஆகாது. அப்போதுதான் மைக்கக்காவுக்குக் கழுவாத திரை நினைவுக்கு வந்தது.

நிமிர்ந்தார். "கண்ணாடி கொண்டுவர மறந்துட்டேன்," என்றார். கண்ணாடிக் கூடு சட்டைப் பையில் இரண்டு பேனாவுக்கும் நடுவில் இருந்தது. "லக்கேஜ், இங்க வாங்க. இதப் படிங்க."

லக்கேஜ்காரர் வந்தார். "ஒரு புகாரும் இல்லை ஐயா, நன்றி. அவ்வளவுதான் சார்."

"கீழ."

"கீழ ஒண்ணும் இல்ல சார்."

"இருக்கு. வெளிச்சத்துக்கு நேரா சாய்ச்சுப் பிடிங்க. மங்கலா ஆறு வரி இருக்கு."

வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவுவதை நிறுத்தினார். லக்கேஜ்காரர் சிலேட்டை வாங்கிச் சாய்த்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்போல, "பொண்டாட்டி," என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"சத்தமாப் படிங்க. அவங்க பேச்ச நிலையம் முழுக்கக் கேட்டுத்தானே பழக்கம்."

படித்தார். குரல் நடுங்கியதே தவிர ஒரு வார்த்தை விடவில்லை. காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அதே ஆறு வரி. இப்போது யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு மேலாளரைப் பார்த்தாள்.

மைக்கக்காவும் பார்த்தாள். மைக் அறையில் ஜன்னல் கிடையாது. இங்கே ஒரு சாண் தூரத்தில், நடுவில் கண்ணாடி மட்டும் வைத்து, அவர் முகம் இருந்தது. அது கோபம் இல்லை. கோபமாக இருந்தால் அவளுக்குத் தேவலை. அடிபடப் போகிறவன் முன்பே கண்ணை மூடிக்கொள்வானே, அதுபோல ஒரு தடவை மூடித் திறந்தது, அவ்வளவுதான். பிறகு அவர் பேனாவை எடுத்து நோட்டில் எழுதினார்.

"சராசரி ஒன்பது நொடி. தேறிட்டீங்க மேடம்."

அவள் சிலேட்டை இழுத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் அந்த ஆறு வரியின் மேலேயே மன்னிப்பை எப்படி எழுதுவது. முதலில் மூலையை அழுத்தினாள். திரை முழுக்கக் கறுத்தது. முழுக்க வெளுத்தது. 'மன்னிச்சிடுங்க' என்று தட்டிக் கண்ணாடியில் சாத்தியபோது அவர் மூன்றாம் நடைமேடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக எதிரே நின்ற பயணி அதைப் படித்தார்.

"பரவாயில்லம்மா," என்றார் அவர். "துறைமுகம் பஸ் எங்க நிக்கும்?"

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. அதில் பழைய கதை ஒன்றும் இல்லை, ஆறு வரியைப் பற்றியும் இல்லை. நடந்த சோதனையில் பணியாளர் தேர்ச்சி பெற்றதாகவே எழுதியிருந்தது. ஆனால் பொதுமக்கள் கவுண்டரில் அவர் பயன்படுத்துவது தயாரிப்பாளரின் பூட்டை உடைத்து மாற்றிய கருவி என்று தெரிய வருவதால், அங்கீகரித்த கருவி வரும்வரை விசாரணைப் பிரிவு மூடப்படுகிறது. அதுவரை பணியாளர் தொலைந்த பொருள் அறையைப் பார்த்துக்கொள்வார். பூட்டு உடைத்த விஷயம் மேலாளருக்கு எப்படித் தெரியும் என்று மைக்கக்கா யோசிக்கவில்லை. மூன்று நாள் கதையையும் தானே லக்கேஜ்காரருக்குச் சொல்லியிருந்தாள், சிரிப்புக்காக.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா," என்றார் அவர், அவள் கேட்காமலே. "கேட்டாங்க, கேட்டதுக்குப் பதில் சொன்னேன். எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

அங்கீகரித்த கருவிக்குக் கோப்பு போயிருக்கிறது என்றார்கள். அது எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்க அவளுக்குப் பதினாலு நொடியோ ஒன்பது நொடியோ தர யாருக்கும் நேரமில்லை.

தொலைந்த பொருள் அறையில் நாற்பத்தேழு குடை, தண்ணீர் பாட்டில்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட் இருந்தன. வாசலுக்கு நேர் மேலே பதினாறாம் நடைமேடையின் ஒலிபெருக்கி. முன்பு சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை வந்துகொண்டிருந்த வாக்கியத்தை இப்போது கால் மணிக்கு ஒரு தடவை போட்டார்கள். பொதுமக்களுக்குத் தெரிய வேண்டும் இல்லையா. 'விசாரணைப் பிரிவு தற்போது மூடப்பட்டுள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.' அவளுடைய வேலை நேரத்துக்குள் முப்பது தடவைக்கு மேல் வந்தது. அவள் எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஒரு மழை நாளில் ஒருவர் குடையைத் தேடி வந்தார். கைப்பிடி உடைந்த கறுப்புக் குடை. அவரே கண்டுபிடித்து அவரே எடுத்துக்கொண்டார். கையெழுத்துப் போடும்போது மேலே வாக்கியம் வந்தது.

"யாருங்க இந்தம்மா, நாள் பூரா வருத்தப்பட்டுக்கிட்டே இருக்கு," என்றார் அவர். "மத்த எடத்துல எல்லாம் மெஷின் மாதிரி சொல்லும். இது நெஜமாவே வருத்தப்படுது, கவனிச்சீங்களா?"

மைக்கக்கா சிலேட்டை எடுத்தாள். தட்டினாள். எழுத்து வந்தபோது எதிரே விரித்த குடையின் முதுகுதான் தெரிந்தது.

'ரெண்டு தடவ சொல்ல வெச்சாங்க.'

அடுத்து வருகிறவருக்கு ஆகட்டும் என்று அதை அழிக்காமல் வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். தொலைத்ததைத் தேடி அன்று வேறு யாரும் வரவில்லை.